அரபிப் பக்கத்துக் கலியமூர்த்தி

போன மாதம் பிரசன்னா துபாயிலிருந்து கூப்பிட்டான். ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் என்னிடம் ஜூனியராக இருந்தவன். இப்போது சொந்தமாக டிசைன் கம்பெனி நடத்துகிறான். கர்நாடக சங்கீதப் பாடகர் ஒருவருக்கு பிராண்டிங் செய்து கொடுக்கிறானாம். லோகோ, அவருக்கென்று ஒரு நிறம், ஒரு எழுத்துரு, இன்ஸ்டாகிராமில் எந்தக் கிழமை எதைப் போடுவது என்று ஓர் அட்டவணை.

"மயில் கழுத்து நீலம் கொடுத்திருக்கேன் சார். இனிமே எந்த மேடையிலயும் வேற கலர் ஜிப்பா போடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் பண்ணுவீங்க?"

"எங்க காலத்துல அதுக்குப் பேரு போட்டோவும் பேரும்."

"அவ்வளவுதானா?"

"அதையே ஒழுங்கா பண்ணலைப்பா."

அவன் விடவில்லை. எழுதிக் கொடுங்கள், ஆபீஸில் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்றான். பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாகவா, பொழுதுபோக்காகவா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் பயன்படக்கூடிய சரக்கு என்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: எதற்கும் வருஷம் சொல்லாமல் எனக்கு வாய் திறக்காது. வீட்டில் எல்லோரும் பொறுத்துக்கொண்டுவிட்டார்கள். படிப்பவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஷார்ஜாவுக்குப் போனது 1997-இல். அதற்கு முன்னால் சென்னையில் அச்சுத் தொழில்நுட்ப டிப்ளமாவும் சிவகாசியில் காலண்டர் வேலையும். ஷார்ஜாவில் முதல் சில வருஷங்கள் சூப்பர் மார்க்கெட் துண்டுப் பிரசுரங்களிலேயே கழிந்தன. உறைந்த கோழி, வெங்காயம், ஏ.சி. மிஷின். அரபி எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. ஆனால் கோழி என்ற சொல் எப்படி வளையும், தள்ளுபடி என்ற சொல் எங்கே புள்ளி வைக்கும் என்று உருவம் தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு அரபி தெரியும் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

எங்கள் டிசைன் பிரிவுக்குத் தலைவர் உஸ்தாத் பக்ரி. சூடான்காரர். உயரமான, மெதுவான மனிதர். அவர் ஒருநாளும் 'தப்பு' என்று சொல்லிக் கேட்டதில்லை. புரூஃபைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் தேநீரை ஓரமாக நகர்த்துவார். பிறகு தாளைக் கையில் எடுத்து, படிக்க மாட்டார், ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பார். தாளின் முதுகில் உருவங்கள் மங்கலாகத் தெரியும். எழுத்து எழுத்தாகத் தெரியாதபோதுதான் பக்கம் பக்கமாகத் தெரியும் என்பது அவர் கட்சி. பார்த்து முடித்து "தமாம்" என்பார். அந்தச் சொல்லுக்கு நன்று என்று பொருள். அவர் சொல்லும் விதத்தில் அதற்கு நன்று, பரவாயில்லை, நீ இன்றைக்கு வீட்டுக்குப் போக மாட்டாய் என்று மூன்று பொருள்கள் இருந்தன.

எங்கள் வேலையின் முதுகெலும்பு எது என்றால், திருப்புவது. ஒரு பிரோஷரில் ஆங்கிலப் பக்கமும் அரபிப் பக்கமும் இருக்கும். ஆங்கிலம் இடமிருந்து வலம், அரபி வலமிருந்து இடம். ஆகவே அரபிப் பக்கம் முழுவதையும் கண்ணாடியில் பார்த்ததுபோல மாற்றி அமைப்போம். படத்தில் இருக்கும் ஆள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எழுத்துக்கு முதுகு காட்டக் கூடாது. எனவே ஆளையும் திருப்பிவிடுவோம். கணினியில் ஒரே சொடுக்கு. அந்தச் சொடுக்குக்கு முன்னால் உஸ்தாத் நான்கு கேள்விகள் கேட்பார். படத்தில் எழுத்து இருக்கிறதா? கடிகாரம் இருக்கிறதா? ஸ்டியரிங் இருக்கிறதா? யாராவது கையால் சாப்பிடுகிறார்களா? நான்குக்கும் இல்லை என்றால் திருப்பலாம்.

மூன்றாவது கேள்வி என் உபயம். 2001-இல் ஒரு பழைய கார் வியாபாரிக்கு விளம்பரம் செய்தேன். அரபிப் பக்கத்தில் காரைத் திருப்பி வைத்தேன். உஸ்தாத் தாளை ஜன்னலில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"யா சம்பத், இந்தக் கார் எங்கே போகிறது?"

"கஸ்டமர் வீட்டுக்கு உஸ்தாத்."

"லா, லா. இது மதராஸ் போகிறது."

ஸ்டியரிங் வலப்பக்கம் வந்திருந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு கார் ஓடாது. அன்றிலிருந்து ஒரு மாதம் ஆபீஸில் யார் என்னைப் பார்த்தாலும் மதராஸ் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

இனி சங்கீதம். எனக்குச் சங்கீதம் தெரியும் என்று ஒரு புரளி அந்த நாளில் துபாய், ஷார்ஜா வட்டாரத்தில் உலவியது. கிளப்பியவன் நான்தான். சென்னையில் இருந்தபோது கேட்ட ஒவ்வொரு கச்சேரிக்கும் தேதி, மேடை, பக்கவாத்தியம், பாடிய வரிசை எல்லாம் எழுதி வைத்திருப்பேன். ராகம் கண்டுபிடிப்பதில் நான் சுமார்தான். ஆனால் எந்த வருஷம் எந்த மழையில் எந்தக் கச்சேரி ரத்தானது என்று சொல்லிவிட்டால் ராகத்தை யாரும் கேட்பதில்லை. இந்த வித்தையால் எங்கள் தமிழ்ச் சங்கீத சங்கத்தின் விளம்பர வேலை முழுவதும் என்னிடம் வந்தது. சங்கத்தின் செயலாளர் வசந்தா மேடம். பள்ளிக்கூட ஆசிரியை. எல்லோரையும் ஏழாம் வகுப்பு மாணவர்களாகவே நடத்துவார்.

2003-இல் நான் செய்த முதல் கச்சேரிப் பேனர் இன்றும் சங்கத்தில் பேசப்படுகிறது. அதுவரை நான் பேனர் செய்ததெல்லாம் நின்று பேசுகிறவர்களுக்கு. நின்று பேசுகிறவர் பேனரின் நடுவை மறைப்பார். ஆகவே முக்கியமானதைக் கீழேயும் விளம்பரதாரரை மேலேயும் வைப்பது வழக்கம். கச்சேரி செய்கிறவர்கள் மேடைமேல் மேடை போட்டு உட்காருவார்கள் என்பதைக் கச்சேரிகளுக்குத் தேதி எழுதி வைத்த நானே மறந்துபோனேன். திரை விலகியது. பாடகர் பெயரைப் பாடகரே மறைத்தார். அவர் தலைக்கு நேர் மேலே, குளியலறைச் சாமான் விற்கும் விளம்பரதாரரின் வாஷ்பேசின் பளபளவென்று குழாயோடு தொங்கியது. மூன்று மணி நேரமும் அந்தக் குழாய் அவர் தலையில் எப்போது திறக்கும் என்று சபை பார்த்துக்கொண்டிருந்தது.

"சம்பத், அடுத்த தடவை நீங்க தரையில உக்காந்து டிசைன் பண்ணுங்க," என்றார் வசந்தா மேடம்.

அப்படியே செய்தேன். அடுத்த வருஷம் வெறும் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் தலை எதை மறைக்கிறது என்று பார்த்துவர உஸ்தாத்தையே கெஞ்சிக் கூட்டிப்போனேன். அவர் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, "தமாம். இப்போது பாடு," என்றார்.

இந்த அனுபவங்களால் பழுத்திருந்த என்னிடம்தான் 2006-இல் கலியமூர்த்தி வந்தார். அரசாங்க வாரக் கடைசி வியாழன் வெள்ளியிலிருந்து வெள்ளி சனிக்கு மாறிய வருஷம். எங்கள் அச்சகத்தில் எல்லாக் காலண்டர்களையும் திரும்ப அடித்த சமயம் என்பதால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கலியமூர்த்தி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். லிஃப்ட் டெக்னீஷியன். முவைலாவில் ரூம். ஊரில் கண்டிப்பான ஒரு குருவிடம் மிருதங்கம் கற்று, மேடை ஏறும் பருவத்தில் குடும்ப நிலைமைக்காக விமானம் ஏறிவிட்டவர். இங்கே குழந்தைகளின் நடன அரங்கேற்றங்களுக்கும் பாட்டு வகுப்பு ஆண்டு விழாக்களுக்கும் வாசிப்பார். நல்ல கை. அதைவிட நல்ல தலைமுடி. மேடையில் வாசிப்பை நிறைவுசெய்யும் தீர்மானத்தை வைத்து முடித்ததும் முடியைக் கோதுவதற்கென்று ஒரு சின்ன இடைவெளி வைத்திருப்பார்.

"அண்ணே, எனக்கு ஒரு பிரோஷர் போடணும். இங்கிலீஷ்ல ஒரு பக்கம், அரபில ஒரு பக்கம்."

"அரபில யாரு படிக்கப் போறாங்க?"

"ஹோட்டல்காரன், திருவிழா நடத்துறவன், எல்லாரும் அரபிதானேண்ணே. பாட்டுன்னா மொழி தெரியணும், ராகம் தெரியணும். தாளத்துக்கு என்ன தெரியணும்? நான் வாசிச்சா சூடான்காரரும் தலையாட்டுவாரு. நம்ம ஆளுங்க மட்டும் கேட்டது போதும்ணே, ஊரே கேக்கட்டும்."

இதையே இப்போது பிரசன்னா, புதிய ரசிகர்களைச் சென்றடைவது என்று ஸ்லைடு போட்டுக் காட்டுகிறான். கலியமூர்த்தி லிஃப்ட் கிரீஸ் படிந்த கையோடு நின்றுகொண்டே சொன்னார்.

பர் துபாயில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். பட்டு ஜிப்பா, நெற்றியில் விபூதிக் கீற்று, மடியில் மிருதங்கம். அருமையான படம் அமைந்தது. தலைப்பு நான் எழுதினேன்: 'பாலைவனத்தின் நாதம்'. இரண்டு நாள் அந்த வரியை நினைத்து நினைத்துப் பூரித்தேன். பாலைவனத்தில் காற்று உண்டு, மணல் உண்டு, நாதம் என்று எதையும் நான் கேட்டதில்லை. என் வீட்டு ஏ.சி. சத்தத்தைத் தவிர.

ஆங்கிலப் பக்கம் முடிந்தது. அரபிப் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். உஸ்தாத் தேநீரை நகர்த்தினார்.

"எழுத்து?"

"இல்லை உஸ்தாத்."

"கடிகாரம்?"

"இல்லை."

"ஸ்டியரிங்? சாப்பாடு?"

"இல்லை, இல்லை."

படத்தை மறுபடி பார்த்தார். மிருதங்கத்தின் மேல் விரலை வைத்தார். "இந்த தப்லா. இதை எப்படித் திருப்பினாலும் ஒன்றுதானா?"

அவருக்கு ஏதோ இடித்திருக்கிறது. கச்சேரிகளுக்குத் தேதி எழுதி வைத்தவன், சங்கத்தின் ஆஸ்தான ரசிகன், நான் சொன்ன பதில் இது:

"ரெண்டு பக்கமும் தோல்தான் உஸ்தாத்."

"தமாம்," என்றார். சொடுக்கினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மிருதங்கத்தின் இரண்டு முகங்களும் ஒன்றல்ல. கறுப்பு வட்டம் பதித்த சின்ன முகம் வலந்தலை. நுணுக்கமான சொற்கள் விழுவது அங்கேதான். அதை வலது கையால் வாசிப்பார்கள். திருப்பிய படத்தில் அது இடது கைக்குப் போயிருந்தது. அரபிப் பக்கத்துக் கலியமூர்த்தி சுத்தமான இடதுகைக்காரர். அமெரிக்காவில் பழைய காலத்துக் கொள்ளைக்காரன் ஒருவனை வெகுகாலம் இடதுகைக்காரன் என்றே நம்பினார்களாம். அவனுடைய தகட்டுப் படம் கண்ணாடி மாதிரி திரும்பி விழுந்ததுதான் காரணம். இதை நான் எங்கோ படித்து, பிரசன்னாவுக்கு அச்சு வரலாறு என்று வகுப்பே எடுத்திருக்கிறேன். என்ன செய்வது, அவன் மடியில் துப்பாக்கி இருந்தது. மிருதங்கம் இல்லை.

இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய இன்னொருவர் கலியமூர்த்தி. அவர் பிரோஷரை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். அரபிப் பக்கத்திலேயே கண் நின்றது.

"அண்ணே, இதுலதான் நான் என்னைய மாதிரியே இருக்கேன். அந்தப் பக்கம் என்னமோ தம்பி மாதிரி இருக்கு."

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மனிதன் தன் முகத்தைப் பார்ப்பது கண்ணாடியில். அதில் தெரியும் வகிடும் மச்சமும்தான் அவனுக்கு அவன். நாம் பார்க்கும் கலியமூர்த்தியைக் கலியமூர்த்தி பார்த்ததே இல்லை. இந்தத் தத்துவத்தை அவருக்கு விளக்கினேன். ஆனால் அதே தத்துவம் கைக்கும் பொருந்தும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் அரபிப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் எடுத்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஈமெயிலில் அனுப்பினார்.

2007 தொடக்கத்தில் சென்னையிலிருந்து பெயர் பெற்ற பாடகி ஒருவரைச் சங்கம் அழைத்திருந்தது. அவருடைய மிருதங்கக்காரருக்கு விசா வரவில்லை. உள்ளூரில் ஒருவரைப் போடலாம் என்று முடிவானது. நான் கலியமூர்த்தி பெயரைச் சொன்னேன். வசந்தா மேடம், கலியமூர்த்தி ஈமெயிலில் அனுப்பியிருந்த படத்தைப் பாடகிக்கும், அவரோடு வரவிருந்த வயலின் வித்வான் ராமசேஷனுக்கும் அனுப்பினார்.

கலியமூர்த்திக்கு அந்தக் கச்சேரி எவ்வளவு பெரிது என்று அவரே சொன்னார். "இங்க நான் வாசிக்கிறதெல்லாம் யாரு புள்ளையோ ஆடுறதுக்குண்ணே. அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா பெரிய பாட்டுக்கு ஒருதடவை உக்காரணும். எங்க குரு என்னையத் தயார் பண்ணது அதுக்குத்தான். அவருக்குச் சொல்லியாச்சு." டூட்டி முடிந்து வந்து, ரூமில் இருப்பவர்கள் தூங்க வேண்டும் என்பதால், மிருதங்கத்தைத் தொடாமல் தொடையில் தட்டிச் சாதகம் செய்துகொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் வசந்தா மேடத்தின் போன் வந்தது.

"என்ன சம்பத், கலியமூர்த்தி லெஃப்ட் ஹேண்டர்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"யாரு? கலியமூர்த்தியா? இல்லையே மேடம்."

"போட்டோ என் முன்னாடி இருக்கு. ராமசேஷன் சார் முடியவே முடியாதுன்னுட்டார். அபுதாபியில ஒருத்தர் இருக்கார், அவரைக் கேக்கப் போறேன்."

வித்வானின் மறுப்பு வீம்பு அல்ல. மேடையில் பாடுகிறவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். அப்போதுதான் வலந்தலையும் வயலினும் சபையைப் பார்க்கும். இடதுகைக்காரர் வந்தால் அவர் வயலின் இடத்துக்கு வர வேண்டும், வயலின்காரர் எதிர்ப்பக்கம் போக வேண்டும். போனால் அவருடைய வயலின் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு ஒலிக்கும். பழைய நாளிலேயே பெரிய சச்சரவுகளைக் கிளப்பிய விஷயம். அந்தச் சச்சரவுகளும் எனக்கு வருஷத்தோடு தெரியும்.

போனை வைத்துவிட்டு பிரோஷரை எடுத்துப் பார்த்தேன். அரபிப் பக்கம். பட்டு ஜிப்பா. இடது கைக்கு நேராகக் கறுப்பு வட்டம். மதராஸ் வண்டி மறுபடி கிளம்பிவிட்டது.

அன்று மாலை கலியமூர்த்தி டூல் பேக்கோடு அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, நான் எந்தக் கையில சோறு திங்கிறேன்? நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். திருப்பியதையும் சொன்னேன். அவர் பிரோஷரை வாங்கி அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தனை மாசமா இதைப் பாத்துக்கிட்டிருக்கேன். மூஞ்சியத்தான் பாத்திருக்கேன். கையைப் பாக்கவே இல்ல," என்றார். பிறகு, "மிருதங்கக்காரன்னு வெளிய சொல்லிராதீங்கண்ணே," என்றார்.

உடனே ஆங்கிலப் பக்கத்தை வசந்தா மேடம் மூலம் சென்னைக்கு அனுப்பினோம். மறுநாள் வித்வானின் பதில் வந்தது. ஒரு படத்தில் இடது, இன்னொன்றில் வலது. இரண்டில் எது அவர், எது கம்ப்யூட்டர் என்று தனக்கு எப்படித் தெரியும்? வாஸ்தவம்தான். படம் என்பதற்கே மதிப்பில்லாமல் போயிருந்தது. அதுவும் என் கைங்கரியம்.

உஸ்தாத்திடம் போனேன். தேநீரைக் கொஞ்சம்கூட நகர்த்தாமல் கேட்டார்.

"இதுவரை நான் கேட்டதெல்லாம் படத்தில் எழுத்து இருக்கக் கூடாது, கடிகாரம் இருக்கக் கூடாது என்று. ஏன்?"

"இருந்தா திருப்பினது தெரிஞ்சிடும்."

"அப்படியானால் இப்போது வை. யல்லா, கிளம்பு."

முவைலாவில் கலியமூர்த்தி ரூமிலேயே எடுத்தோம். அவர் மிருதங்கத்தோடு தரையில். தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம். பக்கத்தில், மீனா பஜாரில் வாங்கிய தமிழ்த் தினசரி காலண்டர். முன்னால் ஒரு தமிழ்ப் பத்திரிகையை விரித்து நிறுத்தினோம். ரூமில் இருந்தவர்கள் கட்டிலில் ஏறிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அண்ணே, என்னைய யாரோ கடத்திட்டுப் போயி வச்சிருக்கிற மாதிரி இருக்குண்ணே."

"சிரிக்காதீங்க. சிரிச்சா நம்ப மாட்டாங்க."

"முடியை மட்டும் கொஞ்சம்..."

"கையை எடுக்காதீங்க கலியமூர்த்தி! வலந்தலை மேலயே இருக்கட்டும்!"

எழுத்து, கடிகாரம், கை, எல்லாம் நேராக விழுந்த படம். பெருமையோடு அனுப்பினேன். ராமசேஷன் சாரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. படத்தில் இருக்கும் காலண்டர் ஏன் போன மாதத் தேதியைக் காட்டுகிறது? இது எப்போது எடுத்தது?

காலண்டரில் தாளைக் கிழிக்கவில்லை. ரூமில் யாரும் கிழிப்பதில்லை. லீவுக்கு நாள் எண்ணுகிறவன் தாளைப் பார்த்தால் ஏக்கம் அதிகமாகும் என்று விட்டுவிடுவார்களாம். நானாவது பார்த்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தேதி தேதி என்று ஊரை அறுத்த எனக்கு, படத்துக்குள் இருந்த ஒரே தேதி கண்ணில் படவில்லை. வசந்தா மேடம் இதைச் சொல்லிவிட்டு போனில் வெகுநேரம் சிரித்தார். அபுதாபிக்காரரிடம் பேச வேண்டும் என்பதையும் சிரிப்புக்கு நடுவிலேயே சொன்னார்.

கலியமூர்த்தி என்னிடம் யோசனை கேட்பதை அத்தோடு நிறுத்திவிட்டார். வித்வானின் நம்பரை வாங்கி, போன் கார்டு போட்டு அவரே பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"சார் வணக்கம். கலியமூர்த்தி பேசுறேன், ஷார்ஜாவுலேருந்து. எனக்கு வலது கைதான் சார்."

"அதை போன்ல எப்படிப்பா காட்டுவே?" குரல் எனக்கே கேட்டது.

"காட்ட முடியாது சார். சத்தியம்தான் பண்ண முடியும்."

"யார்கிட்ட கத்துண்டே?"

குருவின் பெயரைச் சொன்னார். கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது.

"அவர்கிட்டயா? அவர்கிட்ட இடது கைக்காரன் எப்படித் தேறுவான்? கையைக் கட்டிப்போட்டு மாத்திடுவாரே! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? போட்டோவா அனுப்பிண்டிருக்கேள்! வா, வா. உட்காரு."

கலியமூர்த்தி போனை வைத்துவிட்டு லிஃப்ட் ஷாஃப்டிலிருந்து வெளியே வந்தவர் மாதிரி மூச்சுவிட்டார். எனக்கும் சந்தோஷம். இரண்டு பக்கப் பிரோஷர், தலைப்பு, ஸ்டுடியோ, கடத்தல் படம் இத்தனையும் செய்யாததை ஒரு பெயர் செய்துவிட்டதே என்ற வருத்தம் ஓரத்தில் இருந்ததையும் மறைக்கப் போவதில்லை.

கச்சேரி ஒரு இந்தியப் பள்ளிக்கூட அரங்கத்தில். நான் சீக்கிரமே போய் பேனரைச் சரிபார்த்தேன். பெயர் தலைக்கு மேலே, விளம்பரதாரர் காலுக்குக் கீழே, எல்லாம் நேர். இந்தத் தடவை என் பக்கத்தில் குறை இல்லை என்று முன் வரிசையில் போய் உட்காரப் போனேன். அதற்குள் மேடையில் சத்தம் கேட்டது.

மைக்குகள் எல்லாம் மாறியிருந்தன. மிருதங்கத்துக்கான இரண்டு குட்டை மைக்குகள் பாடகியின் இடப்பக்கம். வயலின் மைக் வலப்பக்கம். ஒலிபெருக்கிக்காரர் ஒரு பாகிஸ்தானி, மிக ஒழுங்கான மனிதர். எந்தக் கச்சேரியானாலும் முன்கூட்டியே படம் கேட்டு வாங்கி, வாசிக்கும் கை எது என்று பார்த்து மைக் வைப்பார். தன் பெட்டியைத் திறந்து மூடியின் உட்பக்கத்தைக் காட்டினார். ஒட்டியிருந்தது பிரோஷர். அரபிப் பக்கம்.

"போட்டோ மே ஐஸா ஹை பாய். கேபிள் பே டேப் லக் கயா. அப் நஹி ஹோகா." போட்டோவில் இப்படித்தான் இருக்கிறது, கேபிள்களைத் தரையோடு ஒட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்கிறார்.

சபை நிறைந்துகொண்டிருந்தது. விளம்பரதாரர் குடும்பத்தோடு வந்துவிட்டார். ராமசேஷன் சார் வயலின் பெட்டியோடு மேடை ஓரத்தில் நின்றார். ஒல்லியான, வயதான மனிதர். யாரையும் பார்க்காமல் அந்த மைக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தா மேடம் என்னைத் தேடுவது தெரிந்து நான் ஒரு தூண் பக்கம் நகர்ந்தேன்.

கலியமூர்த்தி மேடைக்கு வந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டார்.

"சார், நீங்க உங்க இடத்துலயே உக்காருங்க. வயலினுக்கு ஒரு மைக்க மட்டும் மாத்திடலாம். நான் உங்களுக்குப் பின்னாடி, அந்தப் பக்கமே ஒடுங்கி உக்காந்துக்கறேன். எனக்கு மைக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்ல சார்."

"உன் வலந்தலை திரைச்சீலையைப் பாக்குமே?"

"பாக்கட்டும் சார்."

அவர் சொன்னதை நான் இரண்டு தடவை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. முடியைக் கோதுவதற்கு நேரம் ஒதுக்கி வைத்திருந்தவர், ஒளிந்து உட்கார்ந்து வாசிக்கிறேன் என்கிறார். அன்றைக்கு அந்த மேடையில் இருந்தால் போதும் அவருக்கு.

ராமசேஷன் சார் வயலின் பெட்டியைப் பாடகியின் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே குனிந்து, கேபிள் மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் பிய்த்து ஒரே இழுப்பாக இழுத்தார். அந்தச் சத்தம் மைக் வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டது.

"திரைச்சீலைக்கு வாசிக்கவா உன் குரு சொல்லிக்கொடுத்தார்? அந்த ஸ்டாண்டைத் தூக்கு. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ம், ஜல்தி!"

ஒலிபெருக்கிக்காரர் "அரே அரே உஸ்தாத்ஜி" என்று ஓடிவந்து மற்ற டேப்புகளைப் பிய்த்தார். பாடகியும் ஒரு ஸ்டாண்டைத் தூக்கினார். திரை ஏற்கெனவே திறந்திருந்ததால் சபை இதையெல்லாம் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துக் கை தட்டியது. நான் தூணுக்குப் பின்னாலிருந்து தட்டினேன்.

கச்சேரியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது. மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது காபிக்கு எழுந்து போகும் வழக்கமுள்ள எங்கள் சபையில் அன்று முன் வரிசைகள் அசையவில்லை. வயலினை மடியில் கிடத்திவிட்டு ராமசேஷன் சார் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். தீர்மானம் முடிந்ததும் கலியமூர்த்தி முடியைக் கோதவில்லை. மறந்துவிட்டார்.

இறங்கி வரும்போது வித்வான் அவரிடம் கேட்டார்: "டிசம்பர்ல லீவு கிடைக்குமா உனக்கு?"

லீவு கிடைப்பது அவ்வளவு லேசாக இல்லை. கலியமூர்த்தியின் முறை கோடையில்தான். கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகவிருந்த குளச்சல்காரர் ஒருவர், அதே கம்பெனியில் ஹெல்பர், தன் லீவை ஈஸ்டருக்குத் தள்ளிக்கொண்டு இவரை அனுப்பினார். கலியமூர்த்தி போனார். சென்னையில் ஒரு மதிய நேரக் கச்சேரியில், இளம் பாடகர் ஒருவருக்கு, ராமசேஷன் சார் எதிரே உட்கார்ந்து வயலின் வாசிக்க, இவர் மிருதங்கம் வாசித்தார்.

2008 ஜனவரியில் திரும்பி வந்தவுடன் அச்சகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். சபாவின் நிகழ்ச்சி நிரல். மெல்லிய மஞ்சள் தாள். அந்த மாதம் முழுக்க நடந்த கச்சேரிகளையெல்லாம் பொடி எழுத்தில் நெருக்கி அடித்திருந்தார்கள். எங்கள் அச்சகத்தில் அந்தத் தரத்தில் ஒரு வேலை வெளியே போனால் உஸ்தாத் தேநீரே குடிக்க மாட்டார். மை ஈஷியிருந்தது, வரிகள் சாய்ந்திருந்தன, படம் எதுவும் இல்லை.

"எங்க இருக்கு உங்க பேரு?"

"தேடுங்கண்ணே."

மூக்குக்கண்ணாடி போட்டுத் தேடினேன். மடிப்பு விழுந்த இடத்தில் இருந்தது. கலியமூர்த்தி, ஒரு கோடு, மிருதங்கம்.

"போட்டோவே போடலியே கலியமூர்த்தி."

"யாருக்குமே போடலண்ணே!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குக் கை பரபரத்தது. "குடுங்க. ஸ்கேன் பண்ணி, உங்க வரியை மட்டும் பெரிசு பண்ணி, மையைச் சுத்தம் பண்ணி, ஓரத்துல உங்க படம் ஒண்ணு வச்சு நல்லா ஃபிரேம் போட்டுத் தர்றேன்."

அவர் சட்டென்று தாளை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, வேணாம்ணே. நீங்க எதையும் தொடாதீங்க."

பழைய மடிப்பு மாறாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டூல் பேக்கைத் தோளில் மாட்டி, டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.